நோன்புக்கு அனுப்பிய பிஸ்கோத்து

செஞ்சியில் ஆரோக்கியத்தின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் பங்குச் சாமியார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். இன்னொருத்தி பள்ளிவாசல் தெரு ஜாஹிதா பேகம். மற்றபடி, தாலி கட்டிய பிலவேந்திரனே, அவள் ஆரம்பித்தால், "நீ பேசினு இரு, நான் ஒரு டிரிப் அடிச்சிட்டு வந்துடறேன்" என்று கண்டக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். அவர் திரும்பி வரும்போது அவள் விட்ட இடத்திலிருந்து தொடருவாள் என்பது வேறு விஷயம்.

தளவானூரில் பிறந்தவள். பதினெட்டு வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தாள். கோயிலை ஒட்டிய தெருவில் ஓட்டு வீடு. சாமியார் பங்களாவில் சமையல் வேலை. அங்கே சமையற்கட்டைக் குசினி என்பார்கள். அந்தக் குசினிக்குள் அவள் வைத்ததுதான் சட்டம். பிஷப்பே வந்திருந்தாலும் பசித்தால் அவள் முகத்தைத்தான் பார்க்கவேண்டும். காரமில்லாத குழம்பும் வைப்பாள், கண்ணில் தண்ணீர் வருகிற குழம்பும் வைப்பாள். புதிதாக ஒரு பலகாரத்தைக் கண்டுவிட்டால், அதைச் செய்து பார்க்கும்வரை அவளுக்குத் தூக்கம் பிடிக்காது.

ஜாஹிதாவோடு சினேகம் வந்த கதை சின்னது. ஐம்பதாம் வருஷம் தாலுகா ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்தார்கள். இவளுக்கு லில்லி, அவளுக்கு சாகிரா, ஒரே ராத்திரியில் பிறந்தார்கள். ஜாஹிதாவுக்கு ஜுரம் கண்டு பால் வரவில்லை. சாகிரா வீறிட்டு அழுதாள். ஆரோக்கியம் யாரையும் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கி லில்லிக்கு மறுபக்கம் போட்டுக்கொண்டாள். மூன்று நாள் இரண்டு குழந்தைகளும் ஒருத்தியிடமே குடித்தன. அன்றிலிருந்து ஜாஹிதா அவளுக்கு அக்கா. ரம்ஜானுக்கு அங்கிருந்து பிரியாணி வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து பலகாரத் தட்டு போகும். அந்தப் பலகாரத்தில் போடுவதற்கான கிஸ்மிஸ் பழத்தை, மளிகைக் கடை வைத்திருந்த ஜாஹிதாவின் புருஷன் சிராஜுதீன் மாதா மாதம் ஒதுக்கிவைத்து அனுப்புவார்.

இனி பிஸ்கோத்துக்கு வருவோம்.

அறுபத்தேழாம் வருஷம் அரிசிக்கு ஊரே அல்லாடியது. கோயிலுக்கு அமெரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாகத் தானியம் வந்தது. உடைத்த கோதுமை, பால் பவுடர், இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம் போட்ட எண்ணெய் டின். ஆவணி மாதத்தில் வந்த மூட்டைகளைப் பிரித்தால் உள்ளே தட்டைத் தட்டையாக, வெளுத்த நிறத்தில் ஏதோ இருந்தது. ஒருத்தி கையில் அள்ளிப் பார்த்துவிட்டு "அவலு!" என்றாள். அவ்வளவுதான், ஊர் முழுக்க அவல் ஆகிவிட்டது. ஆளுக்கு இரண்டு படி வாங்கிப் போய், அவலை ஊறவைப்பதுபோல் தண்ணீரில் ஊறவைத்து, வெல்லமும் தேங்காயும் போட்டுப் பிசைந்தார்கள். கையை வெளியே எடுக்க முடியவில்லை. பசையாகிவிட்டது. பிள்ளைகள் ஒரு வாய் வைத்துவிட்டு ஓட்டம் பிடித்தார்கள். மாட்டுக்கு வைத்தார்கள், மாடு முகர்ந்து பார்த்துவிட்டு, வைத்தவர்களை ஒரு பார்வை பார்த்தது. பொன்னுசாமி என்கிற ஒருவர் மட்டும் அதை வைத்து வீட்டுச் சுவரில் காலண்டர் ஒட்டினார். அது இன்னும் விழவில்லை என்கிறார்கள்.

மூட்டைகள் குசினி மூலையில் தேங்கின. ஐப்பசியில் பிள்ளைகளுக்கு அம்மை குத்த ஒரு வெள்ளைக்கார நர்ஸம்மா வந்து பத்து நாள் பங்களாவில் தங்கினாள். மூட்டையைப் பார்த்ததும் "ஓட்ஸ்! ஓட்ஸ்!" என்று கன்றைக் கண்ட பசு மாதிரி ஓடிவந்தாள். அவளுக்குத் தமிழில் தெரிந்தது "கொஞ்சம்", "நல்லது", "வேண்டாம்" என்ற மூன்று வார்த்தைதான். அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஆரோக்கியத்துக்கு பிஸ்கோத்து சுடக் கற்றுக்கொடுத்தாள். மண்ணெண்ணெய் டின்னைப் படுக்கவைத்து அடுப்பாக்கி உள்ளே தட்டைச் சொருகினாள். பாதி கருகியது, பாதி வேகவில்லை. நடுவில் இருந்த நாலைந்து மட்டும் நன்றாக வந்தது. அந்த நாலைந்தைத் தின்றதும் ஆரோக்கியத்துக்குப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

நர்ஸம்மா போனபிறகு அவள் தன் வழிக்கு வந்தாள். ஓட்ஸை முதலில் வெறும் சட்டியில் வாசனை வர வறுத்தாள். பாதியை உரலில் இடித்தாள், பாதியை முழுசாக விட்டாள். சர்க்கரை கிடைக்காத காலம், வெல்லத்தைத் தட்டிப் போட்டாள். கொஞ்சம் கோதுமை மாவு, ஒரு முட்டை, டின்னிலிருந்து கெட்டியான எண்ணெய், ஒரு சிட்டிகை ஆப்பசோடா, இடித்த பட்டை, கை நிறைய கிஸ்மிஸ். அடுப்புக்கு வேறு வழி செய்தாள். அகலமான மண் சட்டியில் சங்கராபரணி ஆற்று மணலை மூன்று விரல் கனத்துக்குப் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மூடிமேல் கொட்டாங்கச்சி நெருப்பைக் கொட்டினாள். கீழேயும் அனல், மேலேயும் அனல். வெந்ததா இல்லையா என்று மூடியைத் திறந்து பார்க்கமாட்டாள். மூக்குதான் அவளுக்குக் கடிகாரம். வெல்லம் மணக்கும், பிறகு பட்டை மணக்கும், கடைசியில் கிஸ்மிஸ் லேசாகத் தீய்கிற வாசனை வரும், அப்போது இறக்கவேண்டும்.

ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் மெத்து, கடிக்கிற இடத்தில் கிஸ்மிஸ் புளித்து இனிக்கும். மாடு தொடாத ஓட்ஸுக்குக் கோயில் தெருவில் வரிசை நின்றது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ், ரம்ஜான் நோன்பு மாதத்துக்குள் விழுந்தது. மார்கழி பிறப்பதற்கு முன்பே ஆரோக்கியம் பள்ளிவாசல் தெருவுக்குப் போய் ஜாஹிதாவிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள்.

"அக்கா, இந்த வருசம் புதுசா ஒண்ணு செய்றேன். பண்டிகை அன்னிக்கி நீ நோன்பு தொறக்கறப்ப பேரீச்சம்பழம் போட்டுக்கோ, தண்ணி குடிச்சிக்கோ. அடுத்த வாய் என்னுதுதான். இன்னா?"

"சரிடி."

"சரின்னா போதாது. சத்தியம்."

"சத்தியம்டி, ஆள வுடு" என்றாள் ஜாஹிதா.

இதற்குமேல் ஆரோக்கியத்துக்கு வேறென்ன வேண்டும்? நாள் முழுக்கப் பட்டினி கிடந்த வாயில் தன் கைப்பண்டம் விழப்போகிறது. கிறிஸ்துமஸ் அன்று காலையிலேயே சட்டியை ஏற்றிவிட்டாள். தெருவில் மற்ற வீடுகளில் பண்டிகைப் பன்றிக்கறி கொதித்தது. அவள் வீட்டில் பட்டை மணந்தது. நல்லதாகப் பார்த்து இருபத்தைந்து பிஸ்கோத்தைப் பொறுக்கித் தட்டில் அடுக்கி, வாழையிலை மூடி, வெள்ளைத் துணியில் கட்டி, மதியம் டூட்டிக்குக் கிளம்பிய பிலவேந்திரனிடம் கொடுத்தாள்.

"லில்லி நைனா, அக்கா கையிலயே குடுக்கணும். வழியில தொறந்து பாக்கக்கூடாது."

"தெரியும், தெரியும்" என்றார் அவர். வாயில் ஏற்கெனவே மூன்று இருந்தது.

சாயங்காலம் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. நாலரை மணிக்கு உபதேசியார் செபாஸ்தியான் வந்தார். கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவர். தனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இல்லை என்று நம்புகிறவர். உட்கார்ந்தார். ஆறு பிஸ்கோத்தைத் தின்றார். ஏழாவதைக் கையில் எடுத்துக்கொண்டு, சும்மா கிடந்த சங்கை ஊதினார்.

"ஆரோக்கியம், இதுல பன்னிக் கொழுப்புதான போட்ட? அதான் இம்மாம் மொறுமொறுன்னு இருக்குது."

"பன்னியா? இன்னா சொல்றீங்க? டின்னு எண்ணெய்தான் போட்டேன்."

"எந்த டின்னு? போன மாசம் வந்துதே, வெண்ணெயாட்டம் கெட்டியா, வெள்ளையா? அது எண்ணெய் இல்லம்மா. முன்ன வந்ததெல்லாம் எண்ணெய், மஞ்சளா ஊத்துற மாதிரி இருந்துது. இது பன்னிக் கொழுப்ப உருக்கி அடைச்சது. நான் பாண்டிச்சேரியிலயே பாத்திருக்கேன். நமக்கு இன்னா, ருசியாத்தான இருக்குது!"

ஆரோக்கியம் உள்ளே ஓடினாள். காலி டின்னை எடுத்துவந்து லில்லியிடம் நீட்டினாள். அதன்மேல் ஒட்டியிருந்த காகிதம் தண்ணீர் பட்டு நைந்து, குலுக்குகிற கைகள் மட்டும்தான் மிச்சம். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. மற்ற டின்கள் பங்களாவில் பூட்டிய அறையில் இருந்தன. சாவி சாமியாரிடம். சாமியார் அனந்தபுரம் பக்கம் பூசைக்குப் போயிருந்தார்.

"மணி இன்னாடி?"

"அஞ்சு அடிச்சி பத்து நிமிசம் ஆவுது" என்றாள் லில்லி.

ஐந்தே முக்காலுக்கு நோன்பு திறந்துவிடுவார்கள். முப்பத்தைந்து நிமிஷம். பள்ளிவாசல் தெருவுக்கு ஒரு மைல் தூரம். நோன்பு நோற்று, சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கும் அக்கா வாயில் தன் கையாலேயே பன்றிக் கொழுப்பைப் போடப்போகிறோமே என்று நினைத்தாள் ஆரோக்கியம்.

"சாமியார் வந்ததும் ஓடிப்போயி வேற டின்ன படிக்கச் சொல்லுடி!" என்று லில்லியிடம் கத்திவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். பண்டிகைப் புடவை, பட்டு. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு அவள் ஓடியதைப் பார்த்த தெருக்காரர்கள், பிலவேந்திரனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவந்தார்கள். அவள் திரும்பி, "ஒண்ணும் இல்ல, போயி பண்டிகைய பாருங்க!" என்று விரட்டினாள்.

ரோட்டு முனைக்கு வரும்போதே மூச்சு வாங்கியது. அப்போதுதான் ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் போவதையும், பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பிலவேந்திரனின் பஸ் வருவதையும் பார்த்தாள். ரோட்டின் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டாள். டிரைவர் வீராசாமி பிரேக் போட்ட போடில் கடைசி சீட்டுக்காரர் முன் சீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏ, உனுக்கு இன்னா பைத்தியமா?" என்று கதவைத் திறந்தார் பிலவேந்திரன்.

"தட்ட யாருகிட்ட குடுத்தீங்க?"

"நீ சொன்ன மாதிரி அக்கா கையிலதான். வாங்கி கண்ணுல ஒத்திக்கினாங்க. இன்னாத்துக்கு?"

அவள் படியில் ஏறிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். பிலவேந்திரனுக்கு முகம் செத்துப்போனது. கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தானே! விசிலை வாயில் வைத்தார், ஊத மறந்துவிட்டார். கத்தரிக்காய்க் கூடையோடு முன் சீட்டில் உட்கார்ந்திருந்த மீனம்பாள்தான் முதலில் சுதாரித்தாள்.

"நோன்பு இருக்கறவங்க வாயில அதப் போட்டா அவங்க மனசு இன்னா பாடுபடும்? வீராசாமி, வண்டிய எங்கயும் நிறுத்தாத. நேரா பள்ளிவாசல் முக்குக்கு வுடு!"

"பஸ் ஸ்டாண்டுல எறங்கணுமே" என்று ஒரு குரல் வந்தது.

"நடந்து வா, கால் இல்ல?" என்றாள் மீனம்பாள்.

வண்டி பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஹாரன் அடித்துக்கொண்டே கடைத்தெருவில் பாய்ந்தது. வண்டிக்காரர்கள் மாட்டைப் பிடித்து ஓரமாக இழுத்தார்கள். பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் அதற்குள் ஒரே குடும்பமாகிவிட்டார்கள். ஒருவர் மணி பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி "வழி, வழி!" என்று கத்தினார். பஸ் ஸ்டாண்டில் இறங்கவேண்டியவரே இப்போது எழுந்து நின்று டிரைவருக்கு வழி சொன்னார். முக்கில் வண்டி நிற்கும் முன்பே ஆரோக்கியம் குதித்தாள். "ஓடு, ஓடு!" என்று பஸ் முழுக்கக் கத்தியது.

ஜாஹிதாவின் வீட்டுக்குள் அவள் நுழைந்தபோது பாய் விரித்து, தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். சிராஜுதீன் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். நடுவில் பேரீச்சம்பழம், தண்ணீர்ச் செம்பு, ஆவி பறக்கிற நோன்புக் கஞ்சி. பாங்கு இன்னும் சொல்லவில்லை.

"அக்கா! துன்னாத! என் பிஸ்கோத்த துன்னாத!"

ஜாஹிதா திகைத்துப்போய் எழுந்தாள். "இன்னாடி? இன்னா ஆச்சி?"

"அதுல பன்னிக் கொழுப்பு கலந்திருக்குதாம். எனக்குத் தெரியாது அக்கா, ஆண்டவர் சத்தியமா தெரியாது. இப்பத்தான் சொன்னாங்க. எங்க தட்டு? கொண்டா இப்பிடி!"

பாய் மேல் தட்டைக் காணோம். ஜாஹிதா நின்ற இடத்திலேயே நின்றாள். "உள்ள... உள்ள வச்சிருக்கேன்" என்றாள். போய் எடுக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. தின்றுவிட்டார்களோ என்று ஆரோக்கியத்துக்குச் சந்தேகம் தட்டியது. அவள் சாகிராவைப் பார்த்தாள். சாகிரா அம்மாவைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

"சின்னம்மா, அத யாரும் துன்னல. ஆடு துன்னுடிச்சி."

ஆரோக்கியம் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தாள். உண்மைதான். முளையில் கட்டிய வெள்ளாடு வாழையிலையையும் சேர்த்து மென்றுகொண்டிருந்தது. தாடியில் ஓட்ஸ் ஒட்டியிருந்தது.

"தோத்திரம் ஆண்டவரே!" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள் ஆரோக்கியம். உட்கார்ந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பஸ்ஸை நிறுத்தியது, வீராசாமி பிரேக் போட்டது, மீனம்பாள் அதட்டியது எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சாகிராவும் சிரித்தாள். ஜாஹிதா மட்டும் சிரிக்கவில்லை. அதைக் கவனித்த பிறகுதான் ஆரோக்கியத்தின் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது.

"ஆடு அவுத்துக்கினு வந்து துன்னுதா அக்கா?"

அப்போது பாங்கு ஒலித்தது. ஜாஹிதா உட்கார்ந்து, ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, தண்ணீர் குடித்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நோன்பு தொறந்த வாயால பொய் சொல்லமாட்டேன். நாந்தான் வச்சேன்."

"எதுக்கு?"

ஜாஹிதா செம்பை நகர்த்தி நகர்த்தி வைத்தாள்.

"போன வருசம் கேக்கு அனுப்புனனே?"

"ஆட்டுக்கு."

"அதுக்கு முந்துன வருசம் அதிரசம்?"

"ஆட்டுக்குத்தான். அது வேற ஆடு."

"வாயில வச்சதும் கரைஞ்சிடிச்சின்னு சொன்னியே அக்கா!"

"அது அப்பிடித்தான் துன்னுச்சி" என்றாள் ஜாஹிதா, தலையைக் குனிந்துகொண்டு.

வேறு நேரமாக இருந்தால் இதற்கும் ஆரோக்கியம் சிரித்திருப்பாள். இப்போது சிரிப்பு வரவில்லை. பதினேழு கிறிஸ்துமஸ். பதினேழு தட்டு. ஒவ்வொரு தடவையும் மறுநாள் போய், எப்படி இருந்தது என்று கேட்டு, "தேனு மாதிரி" என்ற பதிலை வாங்கிக்கொண்டு, தெரு நெடுக அதைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள்.

"ஒங்க தெருவுல பண்டிகைன்னா எல்லா ஊட்லயும் அந்தக் கறிதான் கொதிக்குது" என்றாள் ஜாஹிதா. "அதே சட்டி, அதே கரண்டின்னு எனக்கு ஒரு பயம். யாரும் எனக்குச் சொல்லிக்குடுக்கல. சாகிரா வாப்பாவுக்குக்கூட தெரியாது. நானா பயந்துக்கினேன். கேட்டா நீ மனசு நொந்துடுவியேன்னு கேக்கல. திருப்பி அனுப்பவும் மனசு வரல. இந்த வருசம் சத்தியம் வேற பண்ணிட்டேன். தட்ட வச்சிக்கினு ஒரு மணி நேரம் ஒக்காந்திருந்தேன்டி. அப்புறமும் தைரியம் வரல."

"சாகிராவுக்கு மூணு நாளு பால் குடுத்தனே. அப்பவும் நான் அந்தத் தெருவுலருந்துதான வந்தேன்? என் பாலு ஆச்சி, என் பலகாரம் ஆவலியா அக்கா?"

ஜாஹிதா அழுதுவிட்டாள். ஆரோக்கியம் எழுந்தாள். அவளுக்கு வார்த்தை வராமல் போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். வாசல் வரைக்கும் போனாள். நிலையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"ஒனக்கு அனுப்பறதுக்குனு தனிச் சட்டி வச்சிருக்கேன் அக்கா."

"இன்னா?"

"தனிச் சட்டி, தனித் தட்டு, தனிக் கரண்டி. லில்லி பொறந்த வருசத்துலருந்து. எங்க ஊட்டு சாமானோட அத சேத்துக் கழுவறதுகூட கெடையாது. வேலை முடிஞ்சா துணி சுத்தி பரண்ல ஏத்திடுவேன். லில்லி நைனா ஒரு தடவ கறிக்கு அத எடுத்துட்டாருன்னு ஒடைச்சிப் போட்டுட்டு வேற வாங்கினேன். இதெல்லாம் போயி ஒனக்குச் சொல்லிக் காட்டணுமான்னுதான் சொல்லல."

ஊர் உலகத்தில் உள்ளதையெல்லாம் பேசித் தீர்த்தவள், பேசவேண்டிய ஒன்றை மட்டும் பதினேழு வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். இன்னொருத்தி கேட்கவேண்டிய ஒன்றை அதே பதினேழு வருஷம் கேட்காமல் இருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் நன்றாகச் சாப்பிட்டது ஆடுகள்தான்.

ஜாஹிதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இங்க வா. வந்து கஞ்சி குடி. நான் தொழுதுட்டு வந்துடறேன்."

"எனக்கு வேணாம்."

"நீ ஓடி வந்ததே போதும்டி எனக்கு. ஒரு வாய் தப்பா போயிடக்கூடாதுன்னு பஸ்ஸ மறிச்சி, வெறுங்கால்ல ஓடி வந்திருக்க. ஒன் சட்டியப் பாத்தாடி நான் பயந்தேன்? என் புத்திய செருப்பால அடிக்கணும். குடி. அப்புறம் ஒன் ஊட்டுக்குப் போறோம்."

தொழுகை முடித்து வந்தவள் மாடத்திலிருந்து நெய் ஜாடியை எடுத்தாள், கிஸ்மிஸ் பொட்டலத்தை எடுத்தாள். சாகிராவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் நடந்தார்கள். முக்கில் பஸ் இன்னும் நின்றிருந்தது. பிலவேந்திரனும் வீராசாமியும் மீனம்பாளும், சமாச்சாரம் தெரியாமல் நகரமாட்டோம் என்று அடம்பிடித்த நாலைந்து பேரும் கீழே இறங்கி நின்றார்கள்.

"துன்னுட்டாங்களா?" என்று கத்தினாள் மீனம்பாள்.

"ஆடு துன்னுடிச்சி!" என்றாள் ஆரோக்கியம். முக்கு முழுக்கச் சிரிப்பு எழுந்தது. வேறு ஒன்றும் அவள் சொல்லவில்லை. அக்காவின் மானம் அவளுக்குத் தன் மானம்.

கோயில் தெருவில் லில்லி வாசலிலேயே காத்திருந்தாள். "எம்மா! சாமியார் வந்துட்டாரு. பூட்டத் தொறந்து வேற டின்ன படிச்சாரு. பன்னியும் இல்ல, ஒண்ணும் இல்ல. செடி எண்ணெயாம். அதயே கெட்டியாக்கி அடைச்சிருக்காங்களாம்."

"அடப் பாவி செபாஸ்தியானே!" என்று ஆரோக்கியம் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏழு பிஸ்கோத்து துன்னுட்டு ஒரு மைல் ஓட வுட்டானே!" உபதேசியார் அதற்கு முன்பே புத்திசாலித்தனமாக இடத்தைக் காலிசெய்திருந்தார். போகும்போது தட்டில் இருந்த மிச்சத்தையும் காலிசெய்திருந்தார்.

ஆக, புதிதாகத்தான் சுடவேண்டும். ஆரோக்கியம் இன்னும் அடுப்பிலேயே இருந்த அந்தத் தனிச் சட்டியை எடுத்து வந்து ஜாஹிதாவின் முன் வைத்தாள். ஜாஹிதா அதைத் தடவிப் பார்த்தாள். மணல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

பிறகு அந்த வீட்டில் நடந்தது ஒரு கல்யாண வேலை. லில்லி ஓட்ஸ் வறுத்தாள், சாகிரா உரலில் இடித்தாள். டின் காலி என்பதால் ஜாஹிதாவின் நெய் இறங்கியது. "கைய எடு, நான் பெசையறேன்" என்று அவள் வளையலை மேலே ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆரோக்கியத்துக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. அதை இப்படிப் பிசை, இதை இப்படித் தட்டு, ஓரம் கனமாக இருந்தால் நடுவில் வேகாது என்று ஓயாமல் பேசினாள். ஜாஹிதா ஒன்றுக்கும் எதிர்ப்பேச்சு பேசாமல் கேட்டுக்கொண்டாள். மூடிமேல் நெருப்பை ஊதி ஊதி அவள் முகம் முழுக்கச் சாம்பல். வெல்லம் மணந்தது, பட்டை மணந்தது, கிஸ்மிஸ் லேசாகத் தீய்ந்தது.

"எறக்கு, எறக்கு!" என்று நாலு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

தட்டை வெளியே எடுத்ததும் யாரும் கை வைக்கவில்லை. லில்லி, சாகிராவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஜாஹிதா ஒன்றை எடுத்தாள். சூடு. இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் போட்டு ஊதினாள். பிறகு பிஸ்மில்லா சொல்லி, கடித்தாள்.

ஆரோக்கியம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லுவது தெரிந்தது. விழுங்கியது தெரிந்தது. ஜாஹிதா கண்ணை மூடி யோசித்தாள். இன்னொரு கடி கடித்தாள். அதையும் நிதானமாக மென்று விழுங்கினாள்.

"இனிப்பு கொஞ்சம் கம்மிடி" என்றாள். "அடியிலயும் நெருப்பு ஜாஸ்தி ஆயிடிச்சி பாரு."

"ஐயோ அக்கா!" என்று கூவிவிட்டாள் ஆரோக்கியம். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. வாய் காதுவரைக்கும் சிரித்தது. "துன்னுட்டடி அக்கா! நெசமாவே துன்னுட்ட!"

வெல்லப் பானையை இழுத்துப்போட்டு அடுத்த தட்டுக்கு இரண்டு பிடி சேர்த்து அள்ளினாள். ஜாஹிதா அதற்குள் இரண்டாவதைக் கையில் எடுத்திருந்தாள்.